நரம்பு: ஒரு சொல்லும் உடற்கூற்றியல் வரலாறும்

சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் நசரத்பேட்டை. இவ்வூரிலோ இதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ இரத்தப் பரிசோதனைக்காகக் கை நீட்டிய எவருக்கும் ஒரு பேச்சு பழக்கமாக இருக்கும். "நரம்பு கிடைக்கலை, கையை இறுக்கி மூடுங்க" என்பதே அது. அங்கே தேடப்படுவது நரம்பு அன்று. சிரை என்னும் இரத்தக்குழாய். அதே நபர் நாளை மூளை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போனால், அங்கே பேசப்படும் நரம்பு முற்றிலும் வேறொரு பொருள். பேச்சுத் தமிழில் ஒரே சொல் இரண்டு உறுப்புகளைக் குறிக்கிறது.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த குழப்பம் அன்று. நரம்பையும் இரத்தக்குழாயையும் தசைநாணையும் பிரித்தறிய உலகம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. அந்த வரலாற்றையும், தமிழில் இவ்வுறுப்புகளுக்குப் பெயர்கள் அமைந்த வரலாற்றையும் இக்கட்டுரை தொகுத்துக் கூறுகிறது.

யாழ் நரம்பு

பழந்தமிழில் நரம்பு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது யாழ். தொல்காப்பியத்திலும் சங்க நூல்களிலும் யாழின் தந்தி நரம்பு எனப்பட்டது. அத்தந்தியில் எழும் சுரத்துக்கும் அதுவே பெயராயிற்று. இழுத்துக் கட்டிய, நீண்ட, உறுதியான இழை என்பதே இச்சொல்லின் உட்பொருள் எனலாம். உடலில் அப்படிப்பட்ட இழைபோல் தென்பட்டவை எல்லாம் நரம்பு என்றே அழைக்கப்பட்டன. புறங்கையில் நீலமாகப் புடைத்தது, குதிகாலுக்கு மேல் கயிறுபோல் விறைத்து நிற்பது, இலையின் நடுவே ஓடுவது ஆகிய மூன்றும் நரம்புதான். இலை நரம்பு என்னும் சொல் இன்றும் தாவரவியலில் வழங்குகிறது.

கிரேக்க மொழியிலும் இதே நிலை இருந்தது. நியூரான் என்னும் கிரேக்கச் சொல்லுக்குத் தொடக்கத்தில் தசைநாண், வில்லின் நாண் என்னும் பொருள்களே இருந்தன. கண்ணுக்கு ஒத்துத் தெரிந்ததை ஒரே பெயரால் அழைப்பது மொழிகளின் இயல்பு. அவற்றைப் பிரித்துக் காட்ட உடலை அறுத்துப் பார்ப்பவர்கள் தேவைப்பட்டனர்.

நாடி, தமனி, சிரை, நாளம்

இந்திய மருத்துவ மரபில் குழாய்களுக்கும் இழைகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. சுசுருத சங்கிதை சிரைகள் 700, தமனிகள் 24, ஸ்நாயுக்கள் 900 எனக் கணக்கிடுகிறது. ஸ்நாயு என்பது கட்டும் இழை. தசைநாணும் தசைநாரும் அதில் அடங்கும். இன்று தமனி, சிரை என்று நாம் கற்பவற்றோடு அந்நூலின் வகைப்பாடு அப்படியே பொருந்துவதில்லை. பெயர்கள் மட்டும் பிற்காலத்தில் எடுத்தாளப்பட்டன.

இப்பெயர்களின் வேர்ப்பொருள்கள் கவனிக்கத்தக்கவை. தமனி என்பது ஊதுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது. நாடி, நாளம் ஆகிய இரண்டும் உள்துளையுள்ள தண்டு என்னும் பொருள் தருபவை. தாமரைத் தண்டு நாளம் எனப்படுவதை இங்கே ஒப்பிடலாம்.

சித்த மருத்துவத்தில் உடலில் 72,000 நாடிகள் இருப்பதாகவும், அவற்றுள் இடகலை, பிங்கலை, சுழுமுனை உள்ளிட்ட பத்து முதன்மையானவை என்றும் கூறப்படுகிறது. மருத்துவர் மணிக்கட்டில் விரல் வைத்து வளி, அழல், ஐயம் என்னும் மூன்றையும் கணிப்பார். அவர் விரலுக்கடியில் துடிப்பது, இன்றைய உடற்கூற்றியல் ஆரத் தமனி என்று அழைக்கும் குழாய். கன்னியாகுமரிப் பகுதியில் ஆசான்கள் வழிவழியாகக் கற்பித்துவந்த வர்ம மரபு 108 வர்மப் புள்ளிகளைக் குறிப்பிடுகிறது. அடிபட்டால் எந்த இடம் ஆபத்தானது என்பதைத் தொட்டுத் தொட்டே கற்றறிந்த அறிவு அது. ஆனால் தோலுக்கடியில் அந்த இடத்தில் இருப்பது நரம்பா, தமனியா, மூட்டா எனத் தனித்தனியே பிரித்துக் கூறுவது அம்மரபின் நோக்கமாக இருக்கவில்லை.

அலெக்சாந்திரியா முதல் இலண்டன் வரை

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஹெரோபிலஸ், எராசிஸ்திராட்டஸ் ஆகியோர் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்தனர். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்படும் இழைகள் தசைநாண்களினின்று வேறானவை என்பதை அவர்கள் கண்டறிந்தனர். உணர்ச்சியைக் கொண்டுசெல்பவை, அசைவை ஏவுபவை என நரம்புகளை இரண்டாகப் பிரித்ததும் அக்காலத்திலேயே. நியூரான் என்னும் பழஞ்சொல் மெல்ல மெல்ல நரம்புக்கு மட்டும் உரியதாயிற்று.

தமனியைப் பற்றிய பிழை மேலும் நீடித்தது. இறந்த உடலில் தமனிகள் சுருங்கி, இரத்தத்தைச் சிரைகளின் பக்கம் தள்ளிவிடுகின்றன. எனவே அறுத்துப் பார்த்தவர்களுக்கு அவை வெறுமையாகத் தெரிந்தன. தமனிக்குள் காற்று ஓடுகிறது என்று அவர்கள் கருதினர். கிரேக்கத்தில் தமனிக்கும் மூச்சுக்குழாய்க்கும் ஒரே பெயர் வழங்கியது. ஊதுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த நம் தமனியும் அதே எண்ணத்தை நினைவூட்டுகிறது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், உயிருள்ள விலங்கின் தமனியைக் கட்டி அறுத்து, உள்ளே இருப்பது இரத்தமே என்று காட்டினார். கத்திக்கொண்டிருந்த பன்றியின் குரல்வளை நரம்பை அவர் வெட்டியதும் அதன் குரல் அடங்கியது. இதயம் அன்று, மூளையே குரலை ஆள்கிறது என்பதற்கு இது சான்றாயிற்று.

1628-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்வி, இரத்தம் உடலில் சுற்றிவருகிறது என்பதை நிறுவினார். அவர் காட்டிய ஆய்வை மாணவர் எவரும் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். முழங்கைக்கு மேல் துணியால் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையின் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்து, மற்றொரு விரலால் இரத்தத்தை முழங்கைப் பக்கம் வழித்துவிட்டால் அந்தப் பகுதி வெறுமையாகிவிடும். மேல்பக்கத்திலிருந்து இரத்தம் திரும்பி வந்து அதை நிரப்புவதில்லை. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடுகின்றன என்பதே காரணம்.

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் எவ்வழியே செல்கிறது என்பதை ஹார்வியால் காண இயலவில்லை. 1661-இல் இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி, நுண்ணோக்கியின் வழியே தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். தந்துகியின் விட்டம் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர். ஏறத்தாழ 7 முதல் 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள இரத்தச் சிவப்பணுக்கள் பல இடங்களில் வளைந்து நெளிந்தே அதனூடே செல்கின்றன.

சிற்றறையும் உயிரணுவும்

1665-இல் இராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடை போன்ற வெற்றறைகள் தெரிந்தன. துறவியர் தங்கும் சிற்றறையைக் குறிக்கும் செல் என்னும் சொல்லை அவற்றுக்கு இட்டார். தாவரங்கள் செல்களால் ஆனவை என 1838-இல் ஷ்லைடனும், விலங்குகளும் அவ்வாறே என 1839-இல் ஷ்வானும் கூறினர்.

நரம்பு மட்டும் இக்கொள்கைக்கு எளிதில் அடங்கவில்லை. அது செல்களால் ஆனதா, அல்லது அறுபடாத ஒரே வலையா என்னும் வாதம் எழுந்தது. 1873-இல் கேமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புத் திசுவுக்குக் கருநிறம் ஏற்றும் முறையைக் கண்டுபிடித்தார். அதே முறையைப் பயன்படுத்திய ஸ்பெயின் நாட்டவரான இரமோன் இ கஹால், 1888 முதல் நரம்பு செல்கள் தனித்தனியானவை என்று காட்டிவந்தார். கோல்ஜியோ கடைசிவரை வலைக்கொள்கையைக் கைவிடவில்லை. 1906-இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையே 1891-இல் வால்டையர் நரம்பு செல்லுக்கு நியூரான் என்று பெயரிட்டார். வில்லின் நாணுக்கு இட்ட பழம்பெயர் இவ்வாறு நுண்ணிய செல்லுக்கு வந்து சேர்ந்தது.

மானிப்பாயில் தமிழ் உடற்கூற்றியல்

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835-இல் தொடங்கி 1850-இல் கல்லூரியானது. அங்கே பாடமொழி ஆங்கிலம். மேலை உடற்கூற்றியலைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி நடந்த இடம் யாழ்ப்பாணம்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த பாடங்களை 1860-களில் தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் நகரத்தையும் அரசுப் பணியையும் நாடிச் செல்வார், தமிழில் கற்றவர் ஊரில் தங்கி மக்களிடையே பணிசெய்வார் என்பது அவர் எண்ணம்.

கால்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று நூலை அவர் 1850-களில் தமிழாக்கினார். அனாட்டமிக்கு அங்காதிபாதம் என்றும், உடலியங்கியலுக்குச் சுகரணவாதம் என்றும் பெயரிட்டார். பின்னர் இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் போன்ற நூல்கள் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் 1872-இல் வெளியானது. அதன் மூலநூலான கிரேயின் உடற்கூற்றியல் இலண்டனில் முதலில் வெளிவந்தது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது.

சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு வரிசையைப் பின்பற்றினார். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல். அது இல்லையெனில் வடசொல். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுதல். அவரிடம் பயின்ற தமிழ் மருத்துவர்கள் மொழிபெயர்ப்பில் உடன் உழைத்தனர். 1873-இல் அவர் நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884-இல் மறைந்தார். 1870-இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் இயங்கியது. மானிப்பாயின் தமிழ்வழிக் கல்வி நிலைக்கவில்லை. பாடமொழியாக இல்லாத மொழியில் கலைச்சொற்கள் புழக்கம் பெறுவதில்லை. நூல்கள் இருந்தும், நரம்பும் இரத்தக்குழாயும் மக்கள் பேச்சில் பிரியாமலேயே நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கலைச்சொற் பணி

20-ஆம் நூற்றாண்டில் இப்பணி மீண்டும் தொடங்கியது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென ஓர் இதழைத் தொடங்கினர். 1930-களில் சென்னையில் நடந்த சொல்லாக்க முயற்சிக்கு ஈழத்தவரான சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். இவரே யாழின் நரம்புகளை ஆராய்ந்து யாழ் நூல் எழுதியவர். அந்நூல் 1947-இல் அரங்கேறியது. இசைநரம்பை ஆய்ந்தவரே அறிவியல் சொற்களுக்கான பணியையும் முன்னின்று நடத்தியது பொருத்தமே. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம், அறிவியல் செய்திகளைப் பொதுவாசகரிடம் சேர்த்தது.

இன்று தமிழகப் பாடநூலும் இலங்கைப் பாடநூலும் இரண்டு வழிகளில் செல்கின்றன. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்வது தமிழகத்தில் தமனி, இலங்கையில் நாடி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது தமிழகத்தில் சிரை, இலங்கையில் நாளம். தமிழகத்தில் நாளம் என்பது பொதுவாக எந்த இரத்தக்குழாயையும் குறிக்கும். தமிழக மாணவர் செல் என்று படிப்பதை இலங்கை மாணவர் கலம் என்று படிக்கிறார். உயிரணு என்பதும் வழக்கில் உண்டு. இணையத்தில் இரு நாட்டுக் கட்டுரைகளையும் படிக்கும் மாணவர், நாளம் என்னும் சொல்லைக் கண்டால் எழுதியவர் எந்த வழக்கைப் பின்பற்றுகிறார் என்று பார்ப்பது நல்லது.

பெயர்க்குழப்பம் ஐரோப்பாவிலும் இருந்தது. அங்கே ஏறத்தாழ 5,000 உடற்பகுதிகளுக்கு 50,000 அளவிலான பெயர்கள் புழங்கின. 1895-இல் பாசல் நகரில் உடற்கூற்றியலாளர் கூடி அவற்றை ஒழுங்குபடுத்தினர். தமிழுக்கு அப்படி ஒரு பொது உடன்பாடு இன்னும் தேவைப்படுகிறது.

ஒரு கையில் மூன்று இழைகள்

நரம்பு, தசைநாண், இரத்தக்குழாய் ஆகியவை வேறு வேறு என்னும் அறிவு மனித வாழ்வை எப்படி மாற்றும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு இராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன கைகளை அங்கே கண்டார். தொழுநோயில் தசை அழுகி விரல்கள் உதிர்கின்றன என்றே அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது.

பிராண்டும் அவர் குழுவினரும் கண்டது வேறு. தொழுநோய்க் கிருமி தாக்குவது நரம்பை. குறிப்பாக, முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு அருகில் ஓடும் அல்நார் நரம்பு தடித்துச் செயலிழக்கிறது. நாம் முழங்கையை எங்கேனும் இடித்துக்கொள்ளும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் உணர்வது இந்நரம்பில்தான். அது செயலிழந்தால் உள்ளங்கையின் சிறு தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்குகின்றன. வலி தெரியாததால் சூடும் காயமும் விரலைத் தின்கின்றன. ஆயினும் முன்கையின் பல தசைகளும் அவற்றின் தசைநாண்களும் நலமாகவே இருக்கின்றன. 1948 முதல் அத்தகைய தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களைப் பிராண்ட் நிமிர்த்தினார். பழைய வழக்கில் இரண்டுமே நரம்பு. ஒன்று செயலிழந்தும் மற்றொன்று நலமாயிருப்பதைப் பிரித்தறிந்ததால்தான் அந்தக் கைகள் மீண்டும் வேலை செய்தன.

இன்றைய வழக்கும் அதன் விளைவும்

நரம்பு என்னும் ஒரே சொல் இன்றும் பல நோய்ப்பெயர்களில் நிற்கிறது. நரம்பு சுருட்டல் என்பது காலில் சிரைகளின் வால்வுகள் பழுதுபட்டு, இரத்தம் தேங்கிச் சிரைகள் புடைத்து நெளிவது. இதற்குப் பார்க்க வேண்டியவர் இரத்தநாள அறுவை மருத்துவர் அல்லது பொது அறுவை மருத்துவர். நரம்பியல் மருத்துவர் அல்லர். நரம்பு ஊசி என்று சொல்லப்படுவது சிரையில் செலுத்தும் ஊசி. உண்மையிலேயே நரம்பில் ஊசி பட்டால் அது காயம். புட்டத்தில் தவறான இடத்தில் போடப்படும் ஊசி இடுப்பு நரம்பைத் தாக்கினால் பாதம் தூக்க முடியாமல் போகலாம்.

மிகப் பெரிய விளைவு பக்கவாதத்தில் தெரிகிறது. கை கால் விழுந்துவிட்டால் அதை நரம்புத் தளர்ச்சியாகக் கருதி எண்ணெய் தேய்க்கவும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கவும் செய்பவர் உண்டு. பக்கவாதம் தொடங்குவது இரத்தக்குழாயில். மூளைக்குச் செல்லும் தமனி அடைபடுகிறது அல்லது வெடிக்கிறது. அதனால் இரத்தம் கிடைக்காத நரம்பு செல்கள் மடிகின்றன. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பு செல்கள் அழிவதாகக் கணக்கிட்டுள்ளனர். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன், அடைப்பா இரத்தக்கசிவா என்பதை ஸ்கேன் எடுத்து அறிய வேண்டும். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது திடீரெனத் தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்வதே வழி.

நசரத்பேட்டையைச் சுற்றி இன்று மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. பூந்தமல்லியில் அரசின் பொது சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. இங்கெல்லாம் பயிலும் மாணவர்கள் தேர்வுத்தாளில் மூன்று உறுப்புகளையும் பிரித்து எழுதிவிடுவார்கள். நோயாளியிடம் பேசும்போதும் அவ்வாறு பிரித்துச் சொன்னால் போதும். "நரம்பு இல்லைங்க, இரத்தக்குழாய்" என்று ஒருமுறை விளக்கிச் சொல்லும் செவிலியர், ஹெரோபிலஸ் தொடங்கி வைத்து, கிறீன் தமிழில் தொடர்ந்த பணியையே செய்கிறார்.